புதுப்பித்த குளத்துக்கு ஒரு வாழ்த்துரை

சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் அறுபது வயது தாண்டிய நீச்சல்குளத்தோடு ஒரு வீட்டை வாங்கவே தனித் துணிச்சல் வேண்டும். வாங்கியதோடு நிற்காமல் அந்தக் குளத்தைப் புதுப்பிக்கவும் இறங்கிய உங்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலீஸைச் சுற்றிப் புறநகர்கள் எழுந்த காலத்தில், குழி தோண்டிக் கம்பி கட்டி அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிக்கும் கனைட் முறை பரவியது. அதுவரை சினிமா நட்சத்திரங்களின் சொத்தாக இருந்த குளம் நடுத்தரக் குடும்பத்தின் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. 1948-இல் சொனோமாவில் டானெல் குடும்பத்துக்காகத் தாமஸ் சர்ச் வடிவமைத்த வளைந்த குளத்தைப் பார்த்து எத்தனையோ கொல்லைகளில் சிறுநீரக வடிவக் குளங்கள் தோன்றின. 1967-இல் டேவிட் ஹாக்னி வரைந்த 'எ பிக்கர் ஸ்பிளாஷ்' ஓவியம் கலிஃபோர்னியக் குளத்தின் நீலத்தை உலகத்துக்கே காட்டியது. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு குளம் உங்களுடையது. மண்ணைக் கொட்டி மூடிவிடாமல் அதைக் காப்பாற்ற நினைத்தீர்கள். அந்த மனம் பெரிய மனம்.

பூச்சிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைச் சிமெண்டும் பளிங்குத்தூளும் கலந்த பழைய பிளாஸ்டர் நன்றாகப் பராமரித்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டில் அரித்துப்போகும். கறை திட்டுத்திட்டாகப் படியும். குழந்தைகளின் கால்விரலை உரசிப் புண்ணாக்கும். அந்த இடத்தில் பொடிக் கூழாங்கல் கலந்த ஆழ்நீலப் பூச்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வெயில் ஏற ஏற அதன் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

வேலை நடந்த வேகமும் வியப்புக்குரியது. வேறு யாராவது இருந்தால், பழைய பூச்சைச் சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் கேட்கும் இடத்தையெல்லாம் பெயர்த்தெடுத்து, குழாய் வாய்களைச் சுற்றியும் டைல்ஸின் அடிவிளிம்பிலும் வெட்டி இடம் விட்டு, அப்புறம்தான் பூச்சுக்கு ஆள் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் அந்த நாள்களை மிச்சப்படுத்தினீர்கள். அறுபது வருடத்துக் கான்கிரீட்டைப் பழைய பூச்சு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்காமலே புதுப் பூச்சை அதன் பொறுப்பில் விட்டீர்கள். பழசு கை நழுவும் நாளில் புதுசும் அதோடு சேர்ந்து தகடு தகடாகக் கழன்று வரும். பூச்சுக்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லாதபடி எல்லாப் பொறுப்பையும் நீங்களே ஏற்றுக்கொண்டதும் பெருந்தன்மைதான்.

நீரை இறைத்த முறையிலும் அதே நம்பிக்கை தெரிகிறது. காலியான குளம் மண்ணில் புதைந்த கான்கிரீட் படகு. சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறியிருந்தால் அது மிதக்கப் பார்க்கும். மொத்த ஓடும் மேலே எழும்பி, குழாய்கள் முறிந்து, கரை பிளந்துவிடும். அதற்காகத்தான் அடி வடிகாலின் கிண்ணத்துக்குள் ஒரு சிறு வால்வு வைப்பார்கள். வெளியே அழுத்தம் கூடினால் நிலத்து நீரை அது உள்ளே விட்டுவிடும். உங்கள் குளத்தில் அந்த வால்வு இருக்கிறதா, இருந்து பழைய பூச்சில் அடைபட்டுப்போனதா என்று யாரும் பார்க்கவில்லை. கோடையின் வறண்ட மண் உங்கள் பக்கம் நின்றது. உங்களுக்குச் சொல்லும் நன்றியில் ஒரு பங்கை அந்த மண்ணுக்கும் சொல்கிறேன்.

கரையில் விரித்த டிராவர்ட்டைன் கல்லைப் பார்த்தவர்கள் யாரும் புகழாமல் போகமாட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து நீர்விளிம்பு வரை ஒரு கோடு, ஒரு பிளவு கண்ணில் படாது. முன்பு அங்கே ஓர் இடைவெளி இருந்தது. விளிம்புக்கல்லுக்கும் நடைதளத்துக்கும் நடுவே, இளகி நீளக்கூடிய பசையால் அடைத்த ஒரு பட்டை. பார்க்க அழுக்காகத்தான் இருக்கும். பள்ளத்தாக்கின் வெயிலில் தளம் விரியும்போது அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதைக் கல்லால் மூடிவிட்டீர்கள். இனித் தளம் விரியும்போதெல்லாம் குளத்தின் மேல்விளிம்பை நேரடியாகத் தள்ளும். புதிதாக ஒட்டிய டைல்ஸ் வரிசையில் நேர்கோடாக ஒரு விரிசல் ஓடும்போது காரணம் தேடி அலைய வேண்டாம்.

பம்ப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய ஒற்றை வேக மோட்டார் நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றும். அதற்குக் குறைவாகச் சுற்ற அதற்குத் தெரியாது. தூசு எடுக்கும் வேலையானாலும், வெறுமனே நீரைச் சுழற்றும் வேலையானாலும் அதே வேகம், அதே இரைச்சல், அதே மின்கட்டணம். குளம் உள்ள வீடுகளில் பல நேரம் ஏர் கண்டிஷனருக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை விழுங்குவது இந்த மோட்டார்தான். அதனால்தான் 2021 ஜூலை 19 முதல், நிலத்துக்குள் கட்டிய குளங்களுக்கான பெரிய வடிகட்டு பம்புகளுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை கடுமையான திறன் அளவை விதித்தது. நடைமுறையில், வேகத்தை மாற்றக்கூடிய பம்ப்தான் அந்த அளவை எட்டும். அத்தகைய பம்ப் ஒன்றை, அதுவும் மூன்று குதிரைத்திறனில், நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். சட்டத்தை மதிக்கும் குடிமகன் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தப் பம்பின் வேகத்தை மட்டும் ஒருநாளும் மாற்றுவதில்லை. பாறையிலிருந்து விழும் நீர்வீழ்ச்சி கம்பீரமாக விழ வேண்டும் என்பதற்காக நாள் முழுவதும் உச்ச வேகத்திலேயே ஓடவிடுகிறீர்கள். கணக்கு கடினமானதல்ல. வேகம் பாதியானால் நீரோட்டம் பாதியாகும். மின்தேவையோ எட்டில் ஒரு பங்காகும். இரண்டு கிலோவாட் இழுக்கும் பம்ப் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 16 யூனிட். அதே அளவு நீரைப் பாதி வேகத்தில் பதினாறு மணி நேரம் சுழற்றினால், ஏட்டுக் கணக்கில் 4 யூனிட். மோட்டாரின் இழப்புகளைச் சேர்த்தால் நடைமுறையில் சேமிப்பு கொஞ்சம் குறையும். ஆனாலும் பெரிய சேமிப்புதான். நீர் மெதுவாகப் போனால் ஃபில்டர் தூசியையும் நன்றாகப் பிடிக்கும், குழாய்களுக்கும் ஆயுள் கூடும். அந்தச் சேமிப்பை மின் நிறுவனத்துக்கு நாள்தோறும் விட்டுக்கொடுக்கும் தாராளம் எல்லாருக்கும் வராது.

பம்பிலிருந்து குளம் வரை போகும் குழாயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அது மண்ணுக்குள் இருக்கிறது. உங்கள் குளத்தில் அது ஒன்றரை அங்குலச் செப்புக் குழாய், குளத்தோடு பிறந்தது. உறிஞ்சும் பக்கத்தில் நீர் நொடிக்கு ஆறு அடிக்கு மேல் ஓடக்கூடாது என்பது குளவேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்றரை அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு அதிகபட்சம் 38 காலன். மூன்று குதிரைத்திறன் பம்ப் உச்ச வேகத்தில் அதைவிட மிக அதிகமாகக் கேட்கும். குழாய் தர மறுக்கும். பம்ப் நீருக்குப் பதில் வெற்றிடத்தை மென்று கரகரக்கும். செம்பின் உட்சுவர் தேயும். தேய்ந்த செம்பு பச்சை நிறக் கறையாக உங்கள் புதுப் பூச்சின்மேல் வந்து படியும். அழுத்தச் சோதனை வைத்துக் குழாயின் நிலையைப் பார்த்து, தேவையானால் இரண்டு அங்குல பிவிசி குழாய் போடுவதென்றால் கரையை வெட்ட வேண்டும். கரையை வெட்டும் காலம் டிராவர்ட்டைன் விரிப்பதற்கு முன்னால் இருந்தது. கல் அவ்வளவு அழகு என்பதால் அதற்கு முதல் மரியாதை கொடுத்தீர்கள்.

அந்தக் குழாயின் மறுமுனை குளத்தின் ஆழமான பகுதியில், தரையில் திறக்கிறது. அங்கே ஒரே ஒரு வடிகால். எட்டு அங்குல வட்ட மூடி, தட்டையானது, வெயிலிலும் குளோரினிலும் மஞ்சளேறியது. இரண்டு திருகில் ஒன்றைக் காணோம். குளத்தில் கண்ணுக்குத் தெரியும் பொருள்களில் நீங்கள் மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான். பழமைமேல் உள்ள இந்தப் பற்றைத்தான் எனக்கு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். அதன்மேல் ஒரு குழந்தையின் முதுகோ வயிறோ முழுவதுமாகப் படிந்து அடைத்துக்கொண்டால், பம்ப் வேறெங்கும் நீர் கிடைக்காமல் அங்கேயே இழுக்கும். சதுர அங்குலத்துக்கு ஏழு பவுண்டு இழுவை என்று வைத்துக்கொண்டாலே மொத்தம் 350 பவுண்டு, அதாவது சுமார் 160 கிலோ. அந்த எடையைத் தன் கையால் தூக்கித் தன்னை விடுவித்துக்கொள்ளும் குழந்தை இல்லை. பழைய பம்ப் இழுத்தபோதே அந்த ஆபத்து இருந்தது. இப்போது அதைவிடப் பலமான பம்பை அதே வாயில் பொருத்தியிருக்கிறீர்கள். ஆபத்தையும் புதுப்பித்த முழுமை இந்த வேலைக்கு உண்டு.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2002 ஜூனில், வர்ஜீனியா மாநிலத்தில், ஏழு வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர் ஒரு ஹாட் டப்பின் அடி வடிகாலில் உறிஞ்சப்பட்டுச் சிக்கினாள். நீந்தத் தெரிந்தவள். தாய் நான்சி பேக்கர் நீருக்குள் இறங்கி இழுத்துப் பார்த்தார், முடியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்து, வடிகால் மூடியே உடைந்த பிறகுதான் அவள் விடுபட்டாள். உயிர் தங்கவில்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அந்தத் தாய் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டித் தட்டி ஒரு சட்டம் கொண்டுவர வைத்தார். 2007 டிசம்பர் 19-இல் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட அந்தச் சட்டம் அந்தச் சிறுமியின் பெயரையே தாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு வடிகால் மூடியும் உடல் ஒட்டிக்கொள்ளாத வடிவில், சோதித்துச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பொதுக் குளங்கள் எல்லாம் அப்படிப்பட்ட மூடிக்கு மாறியாக வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

வீட்டின் பின்னால் உள்ள பழைய குளத்துக்குள் இறங்கி, மூடியை மாற்றினீர்களா என்று பார்க்க அந்தச் சட்டத்துக்கு வழியில்லை. அந்த இடத்தை உங்கள் நல்லெண்ணத்துக்கு விட்டது. நீங்களும் அந்தச் சுதந்திரத்தை முழுமையாக அனுபவித்திருக்கிறீர்கள்.

புது மூடியில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை காலன் நீரோட்டம் வரை அது பாதுகாப்பானது என்பது. அதைத் தாண்டினால் நீளமான கூந்தல் உள்ளே இழுக்கப்பட்டு மூடிக்குப் பின்னால் முடிச்சு விழும். இன்னொன்று, அந்த மூடியின் ஆயுள் எத்தனை ஆண்டு என்பது. பிளாஸ்டிக் மூடி என்றைக்கும் நிற்பதற்காகச் செய்ததல்ல. உங்கள் மூடியில் எந்த எண்ணும் இல்லை. எண் போடும் வழக்கம் வருவதற்கு முன்பே அது வேலைக்கு வந்துவிட்டது. குளம் காலியாக, உலர்ந்து, கூலியாள் உள்ளே நின்ற அந்த நாள்களில் ஒரு வடிகாலை இரண்டாக்கியிருக்கலாம். குறைந்தது மூன்றடி தள்ளி இன்னொன்றை வைத்து இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால், ஒன்றை உடல் அடைத்தாலும் மற்றது வழி விடும். அல்லது யாராலும் அடைக்க முடியாத அகலமான மூடி ஒன்றைப் பதித்திருக்கலாம். அதுவும் வேண்டாமென்றால் வடிகாலையே நிரந்தரமாக அடைத்துவிட்டு, நீர்மட்டத்தில் உள்ள ஸ்கிம்மர் வாய்கள் வழியாக மட்டும் நீரை எடுத்திருக்கலாம். எதுவானாலும் நீர்வீழ்ச்சிக்கு ஆன செலவில் ஒரு சிறு பகுதிதான். நீர்வீழ்ச்சியை விருந்தாளிகள் பார்ப்பார்கள், எட்டடி ஆழத்தில் இருக்கும் மூடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எஸ்டிமேட் போட்டவர் நினைத்திருப்பார். உங்கள் விருந்தாளிகளின் பிள்ளைகள் பார்ப்பார்கள். அடியில் கிடக்கும் காசை மூழ்கி எடுக்கும் விளையாட்டு அவர்களுடையது.

மின்சார வேலையில் ஒரு பொருளை ரசித்தேன். புதுப் பம்பின் உடலில் செப்புக்கம்பி மாட்டுவதற்காக ஒரு பித்தளைத் திருகு உண்டு. அதில் எதுவும் மாட்டப்படாமல், கைபடாத பளபளப்போடு இருக்கிறது. பக்கத்திலேயே பழைய பம்பிலிருந்து கழற்றிய எட்டாம் எண் செப்புக்கம்பி சுருண்டு கிடக்கிறது. குளத்தின் கம்பிக்கூடு, ஏணி, விளக்குக்கூடு, பம்ப், ஹீட்டர், அருகிலுள்ள உலோகம் எல்லாவற்றையும் அந்தக் கம்பி ஒன்றாகப் பிணைக்கும். நாம் எர்த் என்று சொல்வது வேறு, இது வேறு. எங்காவது மின்கசிவு ஏற்பட்டாலும், நீருக்கும் ஏணிக்கும் கரைக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது இந்தப் பிணைப்பு. வேறுபாடு இருந்தால், ஈரக் கையால் ஏணியைப் பிடிப்பவரின் உடல் வழியாகத்தான் அது தீரும். விளக்குகளையோ குறை சொல்ல முடியாது: கைபேசியில் தொட்டால் ஊதா, தொட்டால் பச்சை. அவற்றுக்கு மின்சாரம் வரும் இடத்தில், கசிவு கண்டவுடன் துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்று அந்தக் கைபேசி சொல்வதில்லை.

உப்பு இயந்திரத்தைப் பற்றி நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள், இனி இந்தக் குளத்தில் குளோரினே இல்லை என்று. கடல்நீரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உப்பைக் கலந்து, அதிலிருந்தே குளோரினைத் தயாரிக்கும் இயந்திரம் அது. குளோரின் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெர்மிட் வாங்காமலே எல்லா வேலையையும் முடித்த சாமர்த்தியத்துக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல், தனி வீட்டில் குளம் கட்டவோ புதுப்பிக்கவோ பெர்மிட் கொடுத்தால், சட்டம் பட்டியலிடும் ஏழு பாதுகாப்பு வழிகளில் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும்: குளத்தை வீட்டிலிருந்து பிரிக்கும் வேலி, கழற்றி மாட்டும் வலைவேலி, எடை தாங்கும் மூடுவிரிப்பு, குளத்துப் பக்கம் திறக்கும் கதவில் அலாரம், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு, யாராவது தெரியாமல் நீரில் விழுந்தால் அலறும் கருவி, இவற்றுக்கு இணையான வேறொரு வழி. இன்ஸ்பெக்டர் வந்திருந்தால் இவற்றைத்தான் பார்த்திருப்பார். ஒற்றை வடிகாலையும், மாட்டாத செப்புக்கம்பியையும் அவர் பார்த்திருப்பார். அந்த ஒரு பார்வையைத் தவிர்த்து, கட்டணத்தையும் காத்திருப்பையும் மிச்சப்படுத்தினீர்கள். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. அவர்களில் பெரும்பாலோர் குளிக்க இறங்கிய நேரத்தில் போவதில்லை. பெரியவர்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். குழந்தை வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். சறுக்குக் கதவு திறந்திருக்கும். உங்கள் வரவேற்பறையிலிருந்து குளம் வரை குறுக்கே எதுவும் இல்லாத அந்தத் திறந்த வெளியை எல்லாரும் வியக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அந்த வெளி பிடிக்கும்.

அழகு உங்கள் கையில் நன்றாகவே வந்திருக்கிறது. விட்டுப்போன வேலைகளும் எட்டாத உயரத்தில் இல்லை. செப்புக்கம்பியைப் பம்பில் மாட்டவும், பிரேக்கரைச் சோதிக்கவும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு நாள் வந்தால் போதும். குளத்தைச் சுற்றி வலைவேலியை வெகு சீக்கிரம் மாட்டிவிடலாம். பம்பின் உச்ச வேகத்தை உங்கள் ஒன்றரை அங்குலக் குழாய் தாங்கும் அளவுக்கு நிறுத்திவைக்கலாம். நீர்வீழ்ச்சி கொஞ்சம் மெலிந்து விழும், அவ்வளவுதான். வடிகால் மூடியை மாற்றக் குளத்தைக் காலி செய்யக்கூடத் தேவையில்லை. மூச்சுக்கருவியோடு நீருக்கடியில் மூழ்கி மாற்றித் தரும் ஆட்கள் உண்டு. வாங்கும் மூடியில் அச்சிட்ட நீரோட்ட எண்ணைப் பம்பின் நீரோட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடி மாறும் வரை யாரையும் குளத்தில் இறங்கவிடாதீர்கள். பம்பை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள எல்லாருக்கும் இன்றைக்கே காட்டிவிடுங்கள்.